சிலை இல்லாத இசைமுரசு: மன்னார்க் கரையிலிருந்து சில குறிப்புகள்

1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் ஒரு பெருநாள் பாட்டு உண்டு. எழுதியவர் கண்ணதாசன். இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. திரையில் ரஹீம் என்ற பாத்திரத்தில் சிவாஜி கணேசன். பின்னணியில் டி.எம். சௌந்தரராஜனும் நாகூர் இ.எம். ஹனிபாவும். மன்னார்த் தீவில் பெருநாள் காலையில் வட்டிலப்பத்தோடு சேர்த்து அந்தப் பாட்டையும் ரேடியோவில் வாங்கிக்கொண்ட தலைமுறை என்னுடையது. பாட்டு முடிந்ததும் வாப்பா சொல்வார்: "மத்தவங்க பாடினது சினிமாவுக்கு, ஹனிபா பாடினது நமக்கு." அது நியாயமான தீர்ப்பு அல்ல. சௌந்தரராஜன் அந்தப் பாட்டில் குறை வைக்கவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் தீர்ப்பு அதுதான்.

அந்த ஒரு பாட்டில் சேர்ந்தவர்களை அவர்களுடைய நாடு பிற்காலத்தில் எப்படி நினைவுகூர்ந்தது என்று பார்த்தால் ஒரு சிறு வரலாறே கிடைக்கிறது. கண்ணதாசனுக்குக் காரைக்குடியில் மணிமண்டபம் இருக்கிறது. சௌந்தரராஜனுக்கு அவர் பிறந்த மதுரையில், முனிச்சாலைப் பகுதியில், 2023 ஓகஸ்ட் 16ஆம் திகதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெண்கலச் சிலை திறந்துவைத்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு சென்னை மந்தைவெளியில் ஒரு சாலைக்கும் அவர் பெயர் கிடைத்திருந்தது. சிவாஜியின் கதை கொஞ்சம் சிக்கலானது. 2006இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்து, 2017 ஓகஸ்டில் ஓர் இரவில் அதைப் பெயர்த்தெடுத்து அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். திருச்சியில் அவருக்காக வைத்த இன்னொரு சிலை திறப்பு விழா காணாமல் பல ஆண்டுகள் துணி சுற்றியபடி சந்தியில் நின்றது. இடம் மாற்றி அதைத் திறந்தது 2025இல்தான். எத்தனையோ வேடம் கட்டிய மனிதர் கடைசியில் முகம் மூடி நிற்க வேண்டியதாயிற்று.

ஹனிபாவுக்கு? அவருடைய நூற்றாண்டையொட்டி நாகூரில் தைக்கால் தெருவுக்கு 'இசைமுரசு நாகூர் ஹனிபா தெரு' என்றும், சில்லடிக் கடற்கரைப் பூங்காவுக்கு அவருடைய நூற்றாண்டு நினைவுப் பூங்கா என்றும் தமிழ்நாடு அரசு 2025இல் பெயர் வைத்தது. சிலை இல்லை.

"ஏன் மாமா, ஒரே பாட்டப் பாடின ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சிலை, மத்தவருக்குத் தெருப் பலகையா? நம்மட ஆள் என்டுதானே இப்படி?" என்று புத்தளத்தில் இருக்கும் என் மருமகன் கேட்டான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. பாகுபாடு எங்கே என்று தேடுகிற வயது, தேடவும் வேண்டும். அங்கே இருந்த அவனுடைய வாப்பா, "சிலையா? அஸ்தஃபிருல்லாஹ்! அத மட்டும் கேட்டுராத" என்றார். இருவருக்கும் நடுவில் நான். இரண்டு பேச்சும் எனக்குப் போதவில்லை. மகன் சிலையைத் தவிர வேறு மரியாதையே இல்லை என்று நினைக்கிறான். தகப்பனோ சிலை கூடாது என்று சொன்னதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார். நம் சமூகத்தில் இரண்டாவது கட்சிதான் பெரிது.

முதலில் ஆளைப் பற்றி. இ.எம். ஹனிபா, அதாவது இஸ்மாயில் முஹம்மது ஹனிபா, 1925 டிசம்பர் 25இல் பிறந்தார். பேரோடு ஒட்டிய ஊர் நாகூர் என்றாலும் பிறந்த இடம் இராமநாதபுரம். எங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. இராமநாதபுரக் கரையும் மன்னார்க் கரையும் எதிரெதிர் திண்ணைகள். நடுவில் கடல் சுமார் 30 கிலோமீற்றர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. போர் வந்த பிறகுதான் நின்றது. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் அக்கரையில் சொந்தம் இல்லாத குடும்பத்தை அந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாகூர்க் கந்தூரிக்கு நேர்ச்சை வைத்துப் போனவர்கள், கீழக்கரையில் சம்பந்தம் செய்தவர்கள், சரக்கு எடுக்கப் போனவர்கள் என்று கப்பலில் எப்போதும் நம் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே எங்கள் மூத்தவர்கள் ஹனிபாவை இந்தியப் பாடகர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அக்கரைப் புள்ள" என்பார்கள்.

கப்பலில் வராதது வானொலியில் வந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி இந்த நாட்டு முஸ்லிம்களுக்குச் செய்த வேலையைத் தனியாக ஒரு நூலாக எழுதலாம். ஹனிபாவின் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது அதுதான். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பினால், அடுப்படியில் உம்மா, மாடத்தில் ரேடியோ, ரேடியோவில் ஹனிபா. அந்தக் குரலில் குழைவு குறைவு, முழக்கம் அதிகம். 'இசைமுரசு' என்ற பட்டம் சும்மா ஒட்டவில்லை. மைக் பழுதான மேடையிலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டை என்று சொல்வார்கள். கடற்கரை ஊர்களுக்கு அப்படிப்பட்ட குரல்தான் பிடிக்கும். காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய சனம்.

அவர் மார்க்கப் பாடகர் மட்டும் அல்ல. இளவயதிலேயே திராவிட இயக்கத்தோடு சேர்ந்தார். மாநாட்டுப் பந்தல் நிறைய முதலில் அவர் பாடுவார், பிறகுதான் தலைவர்கள் பேசுவார்கள். பக்கத்துத் திருவாரூர்க்காரரான மு. கருணாநிதியோடு வாழ்நாள் நட்பு. சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் இருந்தார். கடவுள் மறுப்பாளர்கள் நிறைந்த மேடையில் தொப்பியோடு ஏறி, கட்சிப் பாட்டைப் பாடி, இறங்கி வந்து நபி புகழும் பாடிய மனிதர். இரண்டையும் அவர் ஒளிக்கவில்லை. ஒன்றை மற்றதற்காக விடவும் இல்லை. அந்த உறுதிக்காகவே அவரை மதிக்கலாம் என்பது என் கருத்து. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற அவருடைய பாட்டை முஸ்லிம் அல்லாதவர்களும் தங்கள் நிகழ்ச்சிகளில் ஒலிக்க விடுகிறார்கள். அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம். இந்தப் பெயரை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

2015 மார்ச் 14இல், போரில் நின்றுபோன தலைமன்னார் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் ஏப்ரல் 8இல் ஹனிபா சென்னையில் வஃபாத்தானார். வயது 89. நாகூரில் அடக்கம் செய்தார்கள்.

இனிச் சிலைக்கு வருவோம். சிலை நமக்கு வழக்கம் இல்லை. அதன் மார்க்கக் காரணத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சிலை என்பது வெறும் கல்லோ வெண்கலமோ அல்ல. கடந்த நூற்றாண்டில் அது பொது இடத்தில் ஒரு சமூகத்தின் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் பத்துச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோரோடு ஜி.யு. போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று கிறிஸ்தவ அறிஞர் மூவரும் அங்கே நிற்கிறார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் இல்லை. தமிழுக்கு முஸ்லிம்கள் செய்தது என்ன என்று கடற்கரையில் காற்று வாங்க வருகிற ஒரு பிள்ளை கேட்டால் அந்த வரிசையில் பதில் கிடையாது. என் மருமகனின் கோபத்துக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் சிலை இல்லாததால் நினைவே இல்லாமல் போகவில்லை. உமறுப்புலவருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் கட்டினார்கள். காயிதே மில்லத்துக்குச் சென்னையில் மணிமண்டபம் இருக்கிறது, அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுகளும் முஸ்லிம்களும் உடன்படிக்கை எதுவும் எழுதாமலே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு உருவம், நமக்குப் பெயர். கட்டடத்துக்கு, கல்லூரிக்கு, தெருவுக்கு, பூங்காவுக்குப் பெயர். ஹனிபா தெருவும் அந்த வரிசையில்தான் வருகிறது. இதைப் பாகுபாடு என்று நான் எண்ணவில்லை. நம் வழக்கத்தை மதித்த மரியாதை என்றே எண்ணுகிறேன். இலங்கையில் இதற்கு ஒரு தூரத்து உறவு இருக்கிறது. சேலத்தில் பிறந்து இங்கே வந்து சிங்களப் பாட்டின் பெருங்குரல்களில் ஒன்றான முஹைதீன் பேக், முஸ்லிமாக இருந்துகொண்டே பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கின்றன. அவர் 1991இல் மறைந்தார். அவருடைய உருவத்தைத் தேடி யாரும் சந்திக்குப் போவதில்லை, பாட்டைத்தான் தேடுகிறார்கள்.

பெயர் வைத்தால் நிலைத்து நிற்குமா? நாகூரை வைத்தே பதில் சொல்லலாம். 1991இல் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரித்து உண்டாக்கிய நாகப்பட்டினம் மாவட்டம் ஒரு காலத்தில் 'நாகை காயிதே மில்லத் மாவட்டம்' என்று வழங்கியது. 1997இல் தெற்கே சாதிக் கலவரங்கள் வந்தபோது, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எல்லாம் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். காயிதே மில்லத் பெயரால் யாரும் யாரையும் வெட்டவில்லை, ஆனாலும் அதுவும் போயிற்று. இன்று நாகூரில் இளவயதுக்காரர்களிடம் கேட்டால் அப்படி ஒரு பெயர் இருந்ததா என்பார்கள். சிவாஜியின் சிலையைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். காயிதே மில்லத்தின் மாவட்டத்தை ஒரு தாள் தூக்கிவிட்டது.

இந்த இடத்தில் மன்னார்க்காரன் பேச வேண்டும்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். அதில் பெரும் பங்கு மன்னார் மாவட்டத்தவர்கள். தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எடுத்துப்போக விட்டது மிகக் கொஞ்சம். எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய கசெட் இருந்தது. ஹனிபா, காயல் ஷேக் முஹம்மது, வாப்பா கல்யாண வீடுகளில் பதிந்த பைத்துகள், ஊருக்கு வந்த பக்கீர் பாவாமார் றபானா தட்டிப் பாடியவை. உம்மா குர்ஆனையும் காணி உறுதியையும் எடுத்தார். வேறு எதற்கும் கை இருக்கவில்லை. ஹனிபாவின் கசெட்டுகளைப் பிறகு புத்தளத்தில் கடையில் வாங்கிவிட்டோம். மற்றவை எந்தக் கடையிலும் இல்லை.

ஆனால் ஒன்று கூடவே வந்தது. எருக்கலம்பிட்டியார் புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிப் பக்கம் நாகவில்லுவில் குடியேறினார்கள். ஊரின் பேரைக் கையோடு கொண்டுபோனார்கள். அங்கே பள்ளிக்கூடத்துக்கும் எருக்கலம்பிட்டி என்றே பேர். ஒரு ஊர் கடலைக் கடந்து இன்னொரு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பிள்ளைகள் பிறந்த ஊர் எது என்று கேட்டால் இரண்டையும் சொல்வார்கள், இராமநாதபுரத்தில் பிறந்து நாகூராராக வாழ்ந்த ஹனிபா மாதிரி. இதற்கு நடுவில் மன்னாரில் எங்கள் தெருக்களுக்கு என்ன நடந்தது? பேர் அப்படியே இருந்தது. கூப்பிட ஆள்தான் இருக்கவில்லை. 2009க்குப் பிறகு திரும்பிப் போனபோது, எங்கள் வளவுக்குப் போகிற ஒழுங்கையின் பேரை வழி காட்ட வந்த பொடியன் தெரியாது என்றான். அவன் மேல் குற்றம் இல்லை. இருபது வருஷம் யாரும் அந்தப் பேரைச் சொல்லி அவனிடம் வழி கேட்கவில்லையே.

ஆகவே தைக்கால் தெருவுக்கு ஹனிபா பேர் வைத்த செய்தி வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதோடு வேலை முடிந்ததாக நாகூரில் யாராவது நினைத்தால், எங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் கேட்கச் சொல்வேன். பலகையில் பேர் இருக்கலாம். அந்தப் பேருக்குரிய குரல் எங்கே இருக்கிறது? ஹனிபா அரை நூற்றாண்டுக்கு மேல் பாடினார். கிராமபோன் தட்டில், கசெட்டில், திரையில், மேடையில், வானொலி நிலையங்களில் பாடினார். இந்தியாவில் மட்டும் அல்ல, இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மேடை ஏறினார். இதையெல்லாம் ஆண்டு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் விவரத்தோடு ஒழுங்குபடுத்தி, கேட்கிற மாதிரி வைத்த ஓர் இடம் நாகூரில் இருந்தால் அதற்கு நிகர் எந்தச் சிலையும் இல்லை. பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை போதும்.

அப்துல் சலாமுக்குத் திரும்புகிறேன். ஹனிபாவின் பாட்டுகள் கோடிக்கணக்கான காதுகளில் விழுந்தன. எழுதியவர்கள் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நாகூர் சலீம் அவருக்காக எழுதிய பாடல்கள் ஏராளம். நாகூருக்கு வெளியே அவர் பேர் பலருக்குப் புதிது. கைபேசியில் இன்று சுற்றிவருகிற ஹனிபா பாட்டுகளில் எழுதியவர் பேர் அநேகமாக இருப்பதில்லை. சிலவற்றில் பிழையாக இருக்கிறது. பாடகனுக்குச் சிலை கேட்கிறவர்களும் கூடாது என்பவர்களும் எழுதியவனைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. உருவம் கேட்டு நடக்கிற சண்டையில் எப்போதும் ஒரு முகம்தான் தெரியும். பின்னால் ஆர்மோனியம், தபேலா, றபானா வாசித்தவர்கள் எல்லாம் இருட்டில்.

பக்கத்து வீட்டைப் பார்த்தாவது நாம் படிக்கலாம். மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் கூத்து உயிரோடு இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்த ஏடுகளைப் பதிப்பித்தார். 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசௌந்தரி நாடகம்' 1967இலும் அச்சில் வந்தன. போர் வந்தது, கிராமங்கள் இடம்பெயர்ந்தன. அச்சில் வந்தது அழியவில்லை. திரும்பி வந்தவர்கள் புத்தகத்தைப் பிரித்துப் பாடலாம். எங்கள் பக்கீர் பாவாமாரின் பாட்டுக்கும், கல்யாண வீட்டில் பெண்கள் பாடிய பாட்டுக்கும், களிக்கம்பு அடிக்கிறபோது பாடிய அடிகளுக்கும் அந்த அளவு அக்கறை கிடைக்கவில்லை. சபையில் பெண் பாடியதை எழுதலாமா, றபானா கூடுமா கூடாதா என்று விவாதித்த நேரத்தில் ஒரு கொப்பியில் எழுதியிருக்கலாம். ஹனிபாவுக்கும் இந்த விவாதம் இருந்தது. வாத்தியத்தோடு மார்க்கப் பாட்டுப் பாடலாமா என்று கேட்டவர்கள் அங்கேயும் இங்கேயும் உண்டு. அதே வீடுகளில் நோன்புக் காலத்தில் அவர் பாட்டு ஒலிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். விவாதம் நடக்கட்டும், அது ஆலிம்களின் துறை. பதிவு செய்வது யாருடைய துறை?

மருமகனிடம் இதைத்தான் சொன்னேன். "சிலைக்கு மனுப் போடுறத விட்டுட்டு ஒரு ரெக்கோடர் எடுத்துக்கொண்டு வா." வந்தான். சென்ற நோன்புக்கு முன் நாகவில்லுவிலும் பிறகு எருக்கலம்பிட்டியிலும் வயதானவர்களைத் தேடிப் போனோம். எண்பது தாண்டிய ஒரு பெண்மணி, முதலில் "எனக்கென்ன தெரியும் வாப்பா, மறந்து போச்சு" என்றார். பிறகு பேத்தியை அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் பாடுகிற ஒரு பாட்டில் பதினொரு அடி பாடினார். பன்னிரண்டாவது அடி வரவில்லை. "அது என்ட தங்கச்சிக்குத் தெரியும்" என்றார். தங்கச்சி தாராபுரத்தில் இருக்கிறார். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அங்கே போகிறோம்.